சொல்லிச் சுட்ட நாலரை அங்குலம்

1

போன செவ்வாய்க்கிழமையோடு என்னுடைய துவக்கு அனுமதிப்பத்திரத்துக்கு ஒரு வயது நிறைந்தது. இதை வாசிக்கும் உங்களில் பாதிப்பேர் இந்த வரியிலேயே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வீர்கள். என்னோடு படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: தீபாவளிக்கு மற்றவர்கள் வெடி கொளுத்தும்போது நான் வீட்டுக்குள்ளே நின்று, எத்தனை வெடித்தது என்று எண்ணிக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தவன். வெடிக்காமல் போனதற்குத் தனிப் பட்டியல் இருந்தது. அந்த ஆளிடம் இப்போது, ஐம்பத்துநாலு வயதில், ஓக்லண்டின் மவுண்ட் ஆல்பர்ட்டில், புகையிரத நிலையத்திலிருந்து ஆறு நிமிட நடையில் இருக்கும் மரவீட்டில், உலகப்போர்க் காலத்துத் துவக்கு ஒன்று இருக்கிறது. திரீ நோட் திரீ. ஊரில் பொலிஸ்காரரின் தோளில் தொங்கியதே, அதே சாதி.

எப்படி வந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். என் வேலை தராசு சோதிப்பது. கடைத் தராசு, பண்ணைத் தராசு, ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் கிழங்கு நிறுக்கும் தராசு, எல்லாவற்றிலும் எங்கள் படிக்கற்களை வைத்துப் பார்த்து ஒட்டுத்தாள் ஒட்டுவோம். ஒரு நாள் வேலைத்தலத்துக்கு ஒருவர் சவர்க்காரப் பெட்டி அளவான சின்னத் தராசொன்றைத் துவாயில் சுற்றிக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்தார். பெயர் ஸ்டீவன். மலேசியத் தமிழர், பொய்ப்பல் செய்து ஓய்வுபெற்றவர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

“இதிலை என்ன நிறுக்கிறனீங்கள், அண்ணை?” என்று படிவத்தை நிரப்புவதற்காகக் கேட்டேன்.

“வெடிமருந்து.”

நான் பேனாவை வைத்துவிட்டேன்.

“பயப்படாதீங்க தம்பி. நகைக்கடைக்காரன் மாதிரிதான். தங்கத்துக்குப் பதிலா மருந்து. பழைய ராணுவத் துப்பாக்கி சுடுற கிளப்புல இருக்கேன். தோட்டாவ நானே அடைச்சுக்குவேன்.”

சோதித்தேன். தராசு ஒரு மயிரிழை அளவு கூடுதலாகக் காட்டியது. சொன்னதும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். “அதான் குண்டெல்லாம் சிதறி என் குரூப் பெருசாப் போச்சு! நான் என் கண்ணுல கோளாறுன்னு நெனச்சேன் லா!” என்று மேசையைத் தட்டினார். பிறகு, சனிக்கிழமை வந்து ஒரே ஒரு தடவை சுட்டுப் பார்க்கும்படி அழைத்தார். மரியாதைக்காகப் போனேன்.

வயிற்றில் படுத்து, துவக்கின் அடிக்கட்டையான சோங்கைத் தோளில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தேன். தோளில் யாரோ கதவால் அடித்தது போலிருந்தது. அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது சிரிப்பு. வயிறு நோகச் சிரிப்பு. புல்லில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன்.

“எல்லாரும் தோளு வலிக்குதுன்னு சொல்வாங்க,” என்றார் ஸ்டீவன் அண்ணன். “நீங்க என்னா தம்பி, கிச்சுகிச்சு மூட்டின மாதிரி சிரிக்கிறீங்க?”

2

இந்த நாட்டில் துவக்கு வாங்க முதலில் மனிதன் தன்னை நிரூபிக்க வேண்டும். வகுப்பு, பரீட்சை, மருத்துவர் விபரம், பிறகு வீட்டுக்கே வந்து ஒரு நேர்காணல். வந்தவர் உயரமான பெண்மணி. சப்பாத்தைக் கழற்றி வாசலில் நேராக வைத்தார். அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது. எங்கெங்கே வாழ்ந்தீர்கள் என்று கேட்டார். பதினாலு விலாசங்களைத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். அதில் ஐந்து வீடுகள் இப்போது இல்லை, இரண்டு தெருக்கள் பெயர் மாறிவிட்டன என்று அடிக்குறிப்பும் போட்டிருந்தேன்.

“துவக்குகளோடு முன்னனுபவம் உண்டா?”

“உண்டு.”

“எந்த வகையில்?”

“முன்னால் நின்ற வகையில்,” என்றேன்.

அவர் படிவத்தின் மறுபக்கத்தைத் திருப்பினார். பிறகு இரண்டு வரி எழுதினார். என்ன எழுதினார் என்று இன்றுவரை தெரியாது.

அடுத்தது மனைவியோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்றார். என்னைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். யன்னல் கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் வாசுகி கையை ஆட்டி ஆட்டிக் கதைக்கிறாள், அந்தப் பெண்மணி சிரிக்கிறார். எலுமிச்சைக்குப் பக்கத்தில் நான் இருபத்திரண்டு நிமிடம் நின்றேன்.

“என்ன கேட்டவ?”

“உங்களுக்குக் கோபம் வந்தா என்ன செய்வியள் எண்டு கேட்டா.”

“நீர் என்ன சொன்னீர்?”

“கரண்டி இருக்கிற லாச்சியை இழுத்துக் கொட்டித் திருப்பி அடுக்குவார் எண்டு சொன்னன். அவ அதை எழுதினவ.”

அனுமதி வந்தது, பழைய துவக்கொன்றும் வாங்கினேன். துவக்கைப் பூட்டி வைக்க இரும்புப்பெட்டி வேண்டும். அதைச் சுவரின் மரச்சட்டத்தோடு போல்ட் போட வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குத் தோதான சட்டம் ஒரே இடத்தில்தான் இருந்தது: வாசுகியின் சீலை அலுமாரிக்குள். அங்கேதான் சங்கடம் தொடங்கியது. நகரின் தெற்கே தகனினியில் ஒரு கலியாணவீடு. வாசுகி கூறைச்சீலை உடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அவளுடைய தங்கை சுபா கட்டிப்பிடித்துக் கொஞ்சியவள், மூக்கைச் சுழித்து, “என்னக்கா, வாற வழியிலை கார் என்ஜின் திறந்தனீங்களோ?” என்று நாலுபேர் முன்னால் கேட்டுவிட்டாள். துவக்கெண்ணெய் மணம் பட்டில் ஏறினால் இறங்காது.

அன்றே தீர்ப்பு வந்தது. மகள் தர்சியையும் சாட்சிக்கு இருத்திவிட்டு வாசுகி சொன்னாள்.

“ஒரு வருசம் தாறன். அதுக்குள்ளை இந்தத் துவக்காலை ஒரு பரிசு, ஒரு சின்னக் கிண்ணமெண்டாலும், இந்த வாசலுக்குள்ளை வரோணும். வந்தா பெட்டி இருக்கட்டும். வராட்டி துவக்கை ஆருக்கும் வித்துப்போட்டுப் பெட்டியையும் கழட்டுங்கோ. என்ரை சீலைக்கு இடம் வேணும்.”

“ஒரு வருசமெண்டா எந்தத் திகதியிலையிருந்து?” என்று கேட்டேன்.

“பாத்தியே?” என்றாள் மகளிடம். “நான் வாழ்க்கைப்பட்ட ஆள்.”

அனுமதிப்பத்திரத்தின் திகதியிலிருந்து என்று முடிவாயிற்று.

இது ஏன் எனக்கு விளையாட்டில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். இங்கே நவம்பர் தொடக்கத்தில் வீட்டுக்கு வீடு வாணவெடி கொளுத்தும் நாள் ஒன்று உண்டு. பத்தொன்பது வருடங்கள் அந்த நாளில் நான் குளியலறையில், காற்றாடியைப் போட்டுக்கொண்டு, மூடிய கழிப்பறை மேல் உட்கார்ந்திருந்தேன். வாசுகிக்குத் தெரியும், அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. ஸ்டீவன் அண்ணனின் துவக்குக் கழகத்தில் சேர்ந்த பிறகு வந்த நவம்பரில், வெடிகள் ஆரம்பித்தபோது, நான் முன் விறாந்தையில் தேநீரோடு நின்றேன். அந்தச் சத்தம் வாரத்துக்கு வாரம் என் விரலிலிருந்து கிளம்பும் சத்தமாகிவிட்டது. நான் இழுத்தால் வரும், இழுக்காவிட்டால் வராது. பெட்டி போனால் அந்தச் சத்தமும் பழையபடி மற்றவர்களுக்குச் சொந்தமாகிவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

3

இனி அளவுக்கு வருகிறேன். நூறு மீட்டரில் பத்துத் தடவை சுட்டால் தாளில் பத்து ஓட்டை. அவற்றில் ஒன்றுக்கொன்று மிகத் தூரமான இரண்டை எடுத்து, நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் வருவதுதான் குரூப். சிறிதாக இருந்தால் துவக்கும் நல்லது, ஆளும் நல்லவன். ஸ்டீவன் அண்ணனின் பணப்பையில், பேத்தியின் படத்துக்கும் முன்னால், நாலாக மடித்த ஒரு தாள்துண்டு இருக்கிறது. அதில் மூன்று ஓட்டைகள், ஒரு அங்குலத்துக்குள். “என் துப்பாக்கி ஒரு இஞ்ச் சுடும் தம்பி,” என்று அதை விரித்துக் காட்டுவார். கழகத்தில் பாதிப்பேரின் பணப்பையில் அப்படி ஒரு தாள் உண்டு. இணையத்திலும் உலகம் முழுக்க எல்லோருடைய பழைய துவக்கும் ஒரு அங்குலம்தான் சுடுகிறது.

என்னுடையது ஐந்து அங்குலம் சுட்டது.

நான்கு மாதம் நான் நித்திரையைத் தொலைக்காத குறை. குழலை வேறு எண்ணெயால் துடைத்தேன். திருகாணிகளை அளந்து முடுக்கினேன். தோட்டாவை மாற்றினேன், மருந்தைக் குறைத்தேன், கூட்டினேன், காலைச் சாப்பாட்டுக் கோப்பியை நிறுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மூன்றரை, அடுத்த கிழமை ஆறு. பிழை கண்ணில்தான் என்று முடிவுகட்டி, கண்ணாடிக் கடைக்குப் போய், சரியாகத் தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டரில் தெளிவாகத் தெரியும் கண்ணாடி வேண்டும் என்றேன். குழல் நுனியில் இருக்கும் குறிமுள் என் கண்ணிலிருந்து அவ்வளவு தூரம். கடையில் நின்ற பிள்ளைக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவ்வளவு தூரத்தில் அப்படி என்ன பார்க்கப்போகிறீர்கள் என்று கேட்டாள். விளக்குவதற்காக வீட்டிலிருந்து அளந்து வெட்டிக் கொண்டுபோன விளக்குமாற்றுத் தடியைக் கன்னத்தில் வைத்துக் குறிபார்த்துக் காட்டினேன்.

“கண்ணாடிக் கடைக்குள்ளையோ?” என்றாள் வாசுகி. “சனம் பாத்துக்கொண்டு நிண்டதோ?”

“மூண்டு பேர்.”

“அதையும் எண்ணினனீங்களோ!”

தீர்த்து வைத்தது தர்சி. பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். அதுவும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு, மூன்று சொல்லுக்கு மேற்படாமல். அன்று சாப்பாட்டு மேசையில் என் தாள்களை விரித்து வைத்திருந்தேன். தண்ணீர் எடுக்க வந்தவள் நின்று, அதிசயமாகத் தமிழிலேயே கேட்டாள்.

“அப்பா, அந்த ஸ்டீவன் அங்கிள் எத்தினை வருசமாச் சுடுறார்?”

“முப்பது.”

“முப்பது வருசத்துக்கு ஒரு பேப்பர். மிச்சமெல்லாம் எங்கே?”

“எறிஞ்சிருப்பார்.”

“எக்ஸாக்ட்லி!” கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “மூண்டு ஷொட்ஸ் எண்டா எப்பவும் சின்னனாத்தான் வரும். தட்ஸ் நொட் யுவர் ரைபிள், தட்ஸ் லக். ஒவ்வொருமுறையும் பத்துச் சுடுங்கோ. ஒண்டையும் எறியாதேங்கோ. பேட் வன்ஸ் ஆல்ஸோ. அப்பதான் உண்மையான நம்பர் வரும்.”

பதினொரு நிமிடம் கதைத்தாள். அந்த வருடத்தில் அவளும் நானும் இடைவிடாமல் கதைத்த மிக நீளமான கதை அதுதான். அதன்பின் சனிக்கிழமை நான் வாசலில் கால் வைக்கும்போதே அறைக்குள்ளிருந்து, “வட் டிட் யூ கெட்?” என்ற சத்தம் வரும். நாலு தசம் மூன்று. ஐந்து தசம் ஒன்று. நான் கத்திச் சொல்லுவேன். அவள் தன் கணினியில் பதிந்துகொள்வாள்.

முப்பத்தெட்டுத் தாள்கள் சேர்ந்தன. மிகச் சிறியது மூன்று தசம் இரண்டு அங்குலம், மிகப் பெரியது ஆறு தசம் ஒன்று. நடுவில் வந்து நின்றது நாலரை.

எனக்கு வெட்கம் வந்தது, நாலரைக்காக அல்ல. என் தொழிலில் சரியான தராசு என்று ஒன்று கிடையாது. இந்தத் தராசு இவ்வளவு பிழைக்கலாம் என்று ஒரு எல்லை உண்டு. அதற்குள் நின்றால் ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவோம். ஏவன்டேல் சந்தைக் கிழங்குத் தராசுக்கு இருபது வருடமாக நான் கொடுத்துவந்த சலுகையை, அவசரத்தில் ஆயிரக்கணக்கில் செய்து, சேற்றில் கிடந்து, எத்தனையோ தோள் மாறி, என் கைக்கு வந்த எண்பது வயதுத் துவக்குக்கு நான் கொடுக்கவில்லை. அதைச் செய்தவர்கள் எதிரே நிற்கும் ஒரு மனிதனில் பட்டால் போதும் என்றுதான் செய்தார்கள். ஓட்டைமேல் ஓட்டை போடுவதற்குச் செய்யவில்லை. மரமும் இரும்பும் சூடேற, சுடும் ஆளின் மூச்சும் சேர, மூன்று முதல் ஐந்து அங்குலம் என்றால் அது நல்ல ஆரோக்கியமான கிழம்.

ஸ்டீவன் அண்ணனிடம் இதைச் சொன்னேன்.

“நாலரையா? அத வெளிய சொல்லாதீங்க தம்பி. துப்பாக்கிக்கு வெக்கமா இருக்கும் லா.”

4

அன்றைக்குக் கழகத்தின் வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து ஒரு கணக்குப் போட்டேன். அதற்குக் காரணம் பழையது.

எனக்குப் பன்னிரண்டு வயது. பின்னேரம், மங்கலாகிவிட்டது, சைக்கிளில் லைட் இல்லை. எங்கள் சந்தியில் ஒரு பொலிஸ்காரர் திரீ நோட் திரீயோடு நிற்பார். எங்கள் வகுப்பில் அந்தத் துவக்கைப் பற்றி உறுதியான ஒரு கருத்து இருந்தது: குறி தப்பாது, அரை மைலில் பறக்கும் காகத்தின் கண்ணில் படும். நான் சந்தியைக் கடந்து நல்ல தூரம், ஒரு இருநூறு மீட்டர், போயாயிற்று. பின்னாலிருந்து சிங்களத்தில், நில் என்று ஒரு பெரிய சத்தம். சைக்கிளைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு, திரும்பியும் பார்க்காமல் நின்றேன். காகத்தின் கண்ணை நினைத்துக்கொண்டு இமைக்காமல் நின்றேன். கள்ளுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர்தான் கடைசியில் வந்து, “என்ன தம்பி, கையைக் காய விட்டிருக்கோ?” என்று கேட்டார். திரும்பினால் சந்தியில் ஒருவரும் இல்லை. பொலிஸ்காரர் மறித்தது பஸ்ஸை. ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். நான் இருபது நிமிடம் அவர் இல்லாத இடத்துக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இப்போது கணக்கு. நூறு மீட்டருக்கு நாலரை என்றால் இருநூறுக்கு ஒன்பது. அது படுத்து, மூச்சடக்கிச் சுட்டால். நின்றபடி, ஒரு கண் பஸ்ஸிலும் ஒரு கண் என்னிலும் வைத்துக்கொண்டு சுடுபவருக்கு மூன்றடி அகலத்துக்குக் குறையாது. என் முதுகு அப்போது பத்து அங்குலம் இருந்திருக்கும். வயலையும் வேலியையும் சுடுவதற்கே அவருக்குச் சந்தர்ப்பம் அதிகம்! ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். ஊரில் அந்தத் துவக்குகளால் செத்தவர்களும் இருக்கிறார்கள். அதை மறந்து சிரிக்கவில்லை. ஆனால் குறி தப்பாது என்ற அந்த நம்பிக்கை நாற்பது வருடமாக என்னோடு நாடு நாடாக வந்தது. அதை அளந்து பார்க்க எனக்கு ஒரு வேர்னியர் அளவுகோல் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

5

என் கெடு முடிவதற்கு முந்திய சனிக்கிழமை கழகத்தின் வருடப் போட்டி. அதற்கு முன் நான் கலந்துகொண்ட ஆறு போட்டிகளிலும் நடுவிலோ கடைசியிலோதான் வந்தேன். ஆகவே மிஞ்சியது இது ஒன்றுதான். இந்தப் போட்டிக்கு ஒரு விசித்திர வழக்கம் உண்டு. யார் குரூப் சிறியது என்று பார்ப்பதில்லை. சுடுவதற்கு முன், பத்துச் சூட்டில் தன் துவக்கு எத்தனை அங்குலம் போடும் என்று ஒவ்வொருவரும் அட்டையில் எழுதி பிஸ்கட் தகரப்பேணியில் போட வேண்டும். தான் எழுதியதற்கு மிக அருகில் சுடுபவருக்குப் பரிசு. பரிசு ஒரு பழைய தகரக் கோப்பை, நடுவில் ஒரு தோட்டா ஓட்டை, தேநீர் நிற்காது. நடத்துபவர் பாரி, எழுபது தாண்டிய முன்னாள் குழாய்த் தொழிலாளி. வேண்டுமென்று ஒரு சூட்டைத் தள்ளிவிடுவது வெட்கக்கேடு என்று ஒவ்வொரு வருடமும் தொடக்கத்தில் சொல்லுவார். ஆனால் ஒருவனின் தலைக்குள் எட்டிப்பார்க்கத் தன்னிடம் கருவி இல்லை என்றும் சேர்த்துச் சொல்லுவார்.

வாசுகி முதல்தடவையாக வந்தாள். “தீர்ப்பை நானே காதாலை கேக்கோணும்,” என்றாள். ஒரு பெட்டி ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்தாள். பாரி போட்டி தொடங்குமுன்னமே மூன்றை முடித்தார். வேலிக்கு அப்பால் மாடுகள் மேய்ந்தன. எங்கள் சத்தத்துக்கு அவை தலை தூக்குவதே இல்லை.

ஸ்டீவன் அண்ணன் இரண்டு அங்குலம் என்று எழுதினார். “பேப்பர் இருக்கு, ஆதாரம்,” என்று பணப்பையைத் தட்டினார். சுட்டது ஐந்து தசம் மூன்று. பாரி மூன்று என்று எழுதி நாலு தசம் ஆறு சுட்டார். மற்றவர்களும் இப்படியே, ஒருவர்கூட நாலுக்கு மேல் எழுதவில்லை. நான் கடைசி ஆள். அட்டையில் எழுதியது நாலரை. என் வாழ்க்கையில் இவ்வளவு நிச்சயத்தோடு நான் எதையும் எழுதியதில்லை.

ஸ்டீவன் அண்ணன் தன் தொலைநோக்கியை என் தாளுக்குத் திருப்பி வாசுகியை அதன் முன் இருத்தினார். நான் படுத்தேன். முதல் சூடு நடுவுக்குச் சற்று மேலே. இரண்டாவது அதை ஒட்டி. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில்.

நாலாவது, ஐந்தாவது. எதுவும் விலகவில்லை. ஆறாவதில் பின்னால் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் கதையை நிறுத்தினார்கள். ஏழு, எட்டு. எனக்கு வயிற்றுக்குள் அந்தக் கிச்சுகிச்சு தொடங்கிவிட்டது. ஒன்பதாவது ஓட்டை எங்கே என்று தேடவேண்டியிருந்தது. ஏற்கெனவே இருந்த ஓட்டையை அது கொஞ்சம் பெரிதாக்கியிருந்தது. ஒன்பதும் இரண்டு அங்குலத்துக்குள். எண்பது வயது இரும்பிலிருந்து! இனி யாருக்கும் காட்டலாம், பணப்பையில் மடித்து வைக்கலாம், சாகும்வரை கதைக்கலாம். அந்த மகிழ்ச்சியோடு கூடவே புரிந்தது: இப்படியே முடிந்தால் என் பெட்டி போய்விட்டது.

“நல்லாத்தானே சுடுறார், அண்ணை?” என்று வாசுகி கேட்பது காதுக்கவசத்துக்குள்ளாலும் கேட்டது.

“ரொம்ப நல்லா சுடுறாரு தங்கச்சி. அதான் பிரச்சினை. நாலரைன்னு எழுதிட்டாரு. இது ரெண்டுதான் இருக்கு. இன்னும் ஒண்ணுதான் பாக்கி.”

பிறகு, என் மனைவி, என்னைக் கடைசி ஒரு வருடமாக அந்த அலுமாரிக்காக அரித்தெடுத்த வாசுகி, எழும்பி நின்று, வெளி முழுக்க எதிரொலிக்கக் கத்தினாள்:

“இஞ்சாருங்கோ! இதை மட்டும் ஒருக்காத் தள்ளி விடுங்கோ! ஆருக்குத் தெரியப்போகுது!”

பாரி திரும்பினார். உங்கள் மனைவி என்ன சொல்லுகிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“பிரார்த்தனை,” என்றார் ஸ்டீவன் அண்ணன், முகம் மாறாமல். “அவங்க வழக்கம்.”

நான் சோங்கில் கன்னத்தை வைத்தபடி குலுங்கினேன். குறிமுள் தாளை விட்டு மாட்டுப் பக்கம் போய் வந்தது. தள்ளி விடுவது எவ்வளவு சுலபம்! விரலை இரண்டு மயிர் அகலம் அசைத்தால் போதும். பாரி சொன்னதுபோல் யாரிடமும் கருவி இல்லை. நான் மூச்சை எண்ணினேன். இருபத்தாறு மூச்சு. சிரிப்பு அடங்கியது. முப்பத்தெட்டுத் தாளில் ஒரு கெட்ட ஓட்டையைக்கூட நான் எறிந்ததில்லை. ஒரு பொய் ஓட்டையை இப்போது சேர்க்கவும் முடியவில்லை. குறிமுள்ளை நடுவில் வைத்தேன். மூச்சைப் பாதி விட்டேன். இழுத்தேன். நல்ல சூடு என்று என் தோள் சொன்னது. போச்சு பெட்டி என்று நினைத்தேன்.

“ஏசுவே!” என்றார் ஸ்டீவன் அண்ணன்.

மேலே, வலப்பக்கம், தன்னந்தனியாக ஒரு ஓட்டை. குழல் கொதித்துக்கொண்டிருந்தது, எழுபத்தைந்து வினாடி நான் தோட்டாவை அதற்குள் வேகவைத்திருக்கிறேன். அதனாலா, என் மூச்சினாலா, ஒன்றுமே இல்லாமலா, எனக்குத் தெரியாது. பாரி அளந்தார். தன் தாளைத் தானே அளக்கக்கூடாது. நாலு தசம் நாலு.

பாரி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பக்கமாக அழைத்துப் போனார். வேண்டுமென்று தள்ளினாயா என்று கேட்டார். இல்லை என்றேன். நடுவையே பார்த்தாயா என்றார். நடுவையே என்றேன். என் துவக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதன் வயதில் ஒன்பது தடவை வழி தவறாமல் போவதுதான் அதிசயம், பத்தாவதில் தானென்றாலும் தவறுவேன் என்று சொல்லிக் கோப்பையை நீட்டினார்.

6

வீடு திரும்பும்போது மோட்டர்வேயில் வழக்கமான நெரிசல். வாசுகி கோப்பையை மடியில் வைத்து, அதன் ஓட்டைக்குள்ளால் முன்னால் போகும் கார்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“அலுமாரி வேணுமெண்ட ஆள், என்னத்துக்குக் கத்தினனீர்?”

“ஒவ்வொரு வெடிக்கும் உங்கடை முகத்தைப் பாத்தன். வெடிக்க வெடிக்கச் சிரிக்கிறீங்கள்.” கோப்பையை இறக்கினாள். “வெடிச் சத்தத்துக்கு நீங்கள் எங்கை போய் இருக்கிறனீங்கள் எண்டு எனக்குத் தெரியாதே? சீலையை வேறை எங்கையும் வைக்கலாம்.”

எனக்குக் கண்ணாடி தேவைப்படாத தூரத்திலேயே ரோடு கொஞ்சம் மங்கியது.

“அதைவிட,” என்றாள், “இருபத்தாறு வருசத்திலை முதல்முறையா நான் சொன்னதைக் கேட்டு, உங்கடை சட்டத்தை ஒருக்கா வளைச்சிருக்கிறீங்கள். எனக்காக. அதுதான் எனக்குப் புளுகம், சந்தோசம்.”

“நான் வளைக்கேல்லை, வாசுகி. நான் நடுவைத்தான் பாத்தனான்.”

“ஓமோம்.”

“உண்மையா. குழல் சூடாகி...”

“ஓமோம், குழல் சூடு.” சிரிக்கத் தொடங்கிவிட்டாள். மூன்றாம் தடவையும் விளக்கினேன். அவளுடைய சிரிப்பு இன்னும் கூடியது. வீட்டில் தர்சி கணினியில் தட்டிவிட்டு, அந்த ஒன்பதும்தான் அதிர்ஷ்டம், பத்தாவதுதான் வழமை என்றாள். விஞ்ஞானம் என் பக்கம். ஆனால் அவளுடைய அம்மாவுக்கு விஞ்ஞானம் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை சுபா தகனினியிலிருந்து அழைப்பெடுத்தாள். வாசுகி தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு மரக்கறி வெட்டிக்கொண்டே கதை சொன்னாள். கதை இரவோடு வளர்ந்திருந்தது. இப்போது அவள் கத்தியிருக்கவில்லை. கண்ணால் மட்டும் காட்டினாளாம், நான் விளங்கிக்கொண்டேனாம்.

“எங்கடை அத்தானோ? கள்ளச்சூடோ? நான் நம்பமாட்டன்,” என்றாள் சுபா. “கராம்பு எண்ணிக் கறிக்குப் போடுற மனுசன்! குடு அக்கா போனை. அத்தான், உண்மையைச் சொல்லுங்கோ. அக்கா சொன்னதுக்காகத்தான் தள்ளிச் சுட்டனீங்களோ?”

வாசுகி கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கலியாண மேடையில்கூட அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் கண்டதில்லை. என் கையில் முப்பத்தொன்பதாவது தாள் இருந்தது, கொப்பியில் ஒட்டுவதற்காக.

“ஓம்,” என்றேன்.

அங்கே சுபா கூவினாள், இங்கே வாசுகி துள்ளினாள். அறைக்குள்ளிருந்து தர்சி தலையை நீட்டி என்னைப் பார்த்து, ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

உங்களுக்கு மட்டும் உண்மையை எழுதிவைக்கிறேன், நீங்கள் தூரத்தில் இருப்பதால்: பத்தாவது சூட்டிலும் நான் நடுவைத்தான் பார்த்தேன். இதை வாசுகி வாசித்தால், ஊர்ச்சனத்துக்கு நல்லபிள்ளை வேஷம் போடுகிறார் என்று சொல்லி இன்னொருதடவை சிரிப்பாள். சிரிக்கட்டும்.